ஆழ்கடல் நீரோட்டத்தை மிதவை வைத்து எப்படி அளக்கிறார்கள்?

ஆற்றின் வேகம் தெரிய ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு, அது எங்கே போகிறது என்று பார்ப்போம் இல்லையா? கடலுக்கடியிலும் அதே வேலைதான். ஆனால் மட்டை மேலேயே நிற்கும், கல்லைப் போட்டால் அடிக்குப் போய்விடும். நடுவில் நிறுத்துவதில்தான் சூட்சுமம்.

1955-இல் பிரிட்டனைச் சேர்ந்த கடலியலாளர் ஜான் ஸ்வாலோ இதற்கு அலுமினியக் குழாய்களைப் பயன்படுத்தினார். ஆழம் கூடக்கூட அழுத்தத்தில் கடல்நீர் கொஞ்சம் இறுகி அடர்த்தியாகும்; குழாய் அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் ஓர் ஆழத்தில் இரண்டின் அடர்த்தியும் சமமாகி, குழாய் அங்கேயே நின்று நீரோடு நகரும். அது எழுப்பும் ஒலியைக் கேட்டபடி கப்பல் பின்தொடரும்.

இன்று ஆர்கோ என்ற பன்னாட்டுக் கடல் கண்காணிப்புத் திட்டத்தின் தானியங்கி மிதவைகள் பொதுவாக 1000 மீட்டர் ஆழத்தில் நகர்கின்றன. சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, வெப்பநிலையையும் உப்பையும் அளந்தபடி மேலே வரும். உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் போதும்: எடை அதேதான், பருமன் கூடுவதால் எழும்பும். அப்புறம் செயற்கைக்கோள் வழியே இடம் தெரியும். நகர்ந்த தூரத்தை நாட்களால் வகுத்தால் சராசரி வேகம்.

நீருக்கடியில் ஜிபிஎஸ் மூலம் நொடிக்கு நொடி கண்காணிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ரேடியோ அலைகள் கடல்நீரில் ஊடுருவாது, ஆர்கோவில் கிடைப்பது மூழ்கிய இடமும் எழுந்த இடமும் மட்டுமே.