ஸ்டெரொயிட் கண் சொட்டு மருந்து: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

கண் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்டெரொயிட் என்பது அழற்சியை அடக்கும் மருந்து; கீழே வரும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதசோன் இரண்டும் அந்த வகைதான்.

உப்புவெளியிலிருந்து: ஐயா, கண்ணுக்குள் அழற்சி, யுவையிட்டிஸ் என்று சொல்லி, பிரெட்னிசோலோன் மணிக்கு ஒரு துளி விடச் சொன்னார்கள். நாலு நாளில் சிவப்புப் போய்விட்டது. நிறுத்தலாமா?

வேண்டாம் தங்கச்சி. சிவப்பு வெளியே தெரிவது, அழற்சி உள்ளே இருப்பது. கண்ணின் உள்நீரில் மிதக்கும் அணுக்கள் குறைந்துவிட்டனவா என்று ஸ்லிட் லாம்பில், அதாவது கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில், பார்த்தால்தான் தெரியும். சடாரென்று நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும், முன்பைவிட மோசமாகவும் வரலாம். மணித்தியாலத்துக்கு ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, அப்புறம் நாளுக்கு நாலு, மூன்று என்று வாரக் கணக்கில் டொக்டர் குறைத்துக்கொண்டு வருவார். இடையில் போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் மருந்து தீர்ந்து நிற்பீர்கள், அதனால் போத்தலை முன்கூட்டியே பாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: வயலில் நெல் இலை கண்ணில் கீறிவிட்டது. மனைவியின் கண் ஒப்பரேஷனுக்குக் கொடுத்த டெக்ஸாமெதசோன் மிச்சம் இருக்கிறது. விடலாமா?

விடவே வேண்டாம் அண்ணை! இலை கீறிய கண்ணில் பூஞ்சணக் கிருமி ஏறலாம். ஸ்டெரொயிட் விட்டால் எரிவும் சிவப்பும் அடங்கி, சுகம் வந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கிருமி ஆழமாக இறங்கிப் புண்ணாக்கிவிடும். ஹேர்ப்பீஸ் கிருமியால் வரும் கண் புண்ணிலும் இதே ஆபத்துத்தான். இப்படி மிச்ச மருந்தை விட்டுவிட்டு, கருவிழியில் வெள்ளை படர்ந்த பிறகு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இன்றைக்கே கண் டொக்டரிடம் போங்கள், வயல் வேலை நாளைக்கும் இருக்கும்.

கிண்ணியாவிலிருந்து: மகனுக்கு ஒன்பது வயது, எப்போதும் கண் கடி. டொக்டர் எழுதிய பழைய மருந்துத் துண்டைக் காட்டி ஐந்து மாதமாக அதே சொட்டு மருந்தை வாங்குகிறேன். பரவாயில்லையா?

நானா, இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி. ஸ்டெரொயிட் சொட்டு விடும் மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவருக்குக் கண் பிரஷர் ஓரளவு ஏறும், சிலருக்கு மிக உயரமாக. நோவு இருக்காது, பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டான். அப்படியே நீண்டால் பார்வை நரம்பு கெட்டுக் குளுக்கோமா வரும். நாள்பட விட்டால் கண்புரையும் வரலாம். பயப்படவேண்டாம், ஆனால் இந்த வாரமே பிரஷர் அளந்து பாருங்கள். போத்தலையும் கொண்டுபோய், எத்தனை மாதம், நாளுக்கு எத்தனை துளி என்று அப்படியே சொல்லுங்கள். ஸ்டெரொயிட் இல்லாத ஒவ்வாமைச் சொட்டுகளும் இருக்கின்றன. குடும்பத்தில் குளுக்கோமா இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மூதூரிலிருந்து: பள்ளிக்கூடத்தில் கண்ணோய் பரவுகிறது. இந்த ஸ்டெரொயிட் சொட்டு நல்லதா?

இல்லை. பெரும்பாலும் அது வைரசால் வருவது, தானாக மாறும். கைகழுவுங்கள், துவாயைத் தனியாக வையுங்கள். வெளிச்சம் கூசினாலோ பார்வை மங்கினாலோ உடனே காட்டுங்கள்.

நிலாவெளியிலிருந்து: அம்மாவுக்கு இரண்டு வகைச் சொட்டு. எப்படி விடுவது?

அதில் ஒன்று பிரெட்னிசோலோன் அசிடேட் என்றால், அது அடியில் படியும் மருந்து, நன்றாகக் குலுக்க வேண்டும். ஒரு துளி போதும். கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மற்றது. போத்தல் நுனி கண்ணில் படக்கூடாது. திறந்த திகதியை லேபலில் எழுதுங்கள். நாலு வாரம் போனால், மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.