அசேலியாவுக்கு எந்த உரம்?

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா புறநகரில் இருக்கிறோம். போன அக்டோபரில் வீட்டுச் சுவரோரம் ஆறு அசேலியா பூச்செடி வைத்தோம். இரண்டடி ஆழம் தோண்டி, அடியில் ஜல்லி போட்டு, கடையில் வாங்கிய மூட்டை மண்ணும் மாட்டெருவும் நிரப்பினோம். தினமும் தண்ணீர் விட்டும் கோடைக்குள் நான்கு வாடிச் செத்துவிட்டன. இந்த இலையுதிர்காலத்தில் மறுபடி நட எந்த உரம் போடலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். இப்போது தழைச்சத்து கொடுத்தால் இளந்தளிர் கிளம்பும், உறைபனியில் கருகும். வசந்தத்தில் பூத்து முடிந்த பிறகு உரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் செடிகள் பட்டினியால் சாகவில்லை, தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. ஜார்ஜியாவின் செங்களிமண்ணில் ஆழக் குழிவெட்டிப் பொலபொலப்பான மண்ணை நிரப்பினால் மழைநீரெல்லாம் அதற்குள் இறங்கும், வெளியேற வழியில்லை. ஜல்லி வடிகால் ஆகாது. அதன் மேலுள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும். அதுவரை வேர் சேற்றில் நிற்கும். அசேலியாவின் சல்லிவேர் மேல்மண்ணிலேயே படர்வது. காற்றில்லாவிட்டால் வேரழுகல் வரும், இலை வாடும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் விடுகிறோம்.

எவ்வளவு உயரத்தில் நடுவது என்றுதான் கேட்டிருக்க வேண்டும். வேர்க்கட்டியின், அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த கட்டியின், உயரத்தைவிட இரண்டு அங்குலம் குறைவாகவே தோண்டுங்கள்; அகலம் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். கட்டியின் தலை தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். மழைக்கு மறுநாளும் நீர் தேங்கும் இடமென்றால் மேட்டுப்பாத்திதான் வழி. தொட்டியில் சுருண்ட வேரைக் கத்தியால் நான்கு பக்கமும் கீறிவிடுங்கள், தயங்காதீர்கள். பைன் ஊசியிலை மூடாக்கு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல்.

வேர் வளரத் தூண்டும் என்று கடையில் விற்கும் வேர் ஊக்கி டப்பாக்களை நான் வாங்கச் சொல்வதே இல்லை. செடி செத்தால் அடுத்த செடியும் அதே கடையில்தானே விற்கும்! அந்தக் காசில் உங்கள் கவுண்டி (மாவட்ட) வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் மண் பரிசோதனை செய்யுங்கள். மண்ணின் அமில அளவைக் காட்டும் பிஎச் 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். சிமெண்டுச் சுவரோரம் சுண்ணாம்பு கசிந்து அது ஏறும், மாட்டெருவும் ஏற்றிவிடும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடுங்கள்.

பிழைத்த இரண்டையும் இந்த அக்டோபரிலேயே கட்டியோடு பெயர்த்து உயர்த்தி வையுங்கள். கத்தரிக்க வேண்டாம், அடுத்த வசந்தத்தின் மொட்டு இப்போதே கிளை நுனியில் இருக்கிறது. செத்த செடிகளின் குழியில் புதியதை வைக்காதீர்கள். அழுகல் கிருமி அந்த மண்ணிலேயே தங்கியிருக்கும்.