ஃபோர்டு வண்டிக்குள் செவர்லே எஞ்சின்: மாமனார் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நான் திருப்பூர்க்காரன். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் 14 வருடமாக இருக்கிறேன். மனைவி இந்த ஊர்ப் பெண். மாமனாருக்கு 72 வயது. அவரும் அவருடைய அப்பாவும் டியர்பார்னில் உள்ள ஃபோர்டு ரூஜ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மாமனார் வீட்டு கராஜில் 1930 ஃபோர்டு மாடல் ஏ கூபே (இரண்டு கதவு கார்) ஒன்று வெறும் பாடியும் சேஸிஸுமாக, என் மனைவி பிறப்பதற்கு முன்பிருந்தே கிடந்தது. போன வருடம், "என் முதுகு இனி ஒத்துழைக்காது, நீ முடி" என்று எனக்குக் கொடுத்தார். ஹாட் ராடாக, அதாவது பழைய பாடிக்குள் பலமான எஞ்சின் வைத்த வேக வண்டியாகக் கட்டலாம் என்று ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். நண்பர் ஒருவர் செவர்லே 350 எஞ்சினை கியர்பாக்ஸோடு சேர்த்து 900 டாலருக்குத் தந்தார். வாங்கி வந்து ஸ்டாண்டில் மாட்டி வைத்தேன். மாமனார் வந்தார், பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. தன் டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து வாரம் ஆகிறது. விசாரித்தால் இங்கே ஃபோர்டு ஹாட் ராடுகள் எத்தனையோவற்றில் செவர்லே எஞ்சின்தான் இருக்கிறது. நான் செய்தது தப்பா? இரும்புக்கு ஏது ஜாதி?
— பெயர் வேண்டாம், மிச்சிகன்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த டூல் பாக்ஸ்தான். கோபம் வந்தவர் கத்திவிட்டுப் போவார், அடுத்த ஞாயிறு வந்து காபி கேட்பார். இவர் ஆயுதங்களை எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்தியிருக்கிறார். ரூஜ் ஆலைக்காரர்களுக்கு அந்த வழி நன்றாகவே தெரியும். 1941-ல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஹென்றி ஃபோர்டு தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். எனவே இதை மௌனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்டிரைக் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிரைக் என்றால் பேச்சுவார்த்தை உண்டு.

முதலில் மெக்கானிக் கேள்வியை முடித்துவிடுவோம். ஃபோர்டில் செவர்லே எஞ்சின் வைத்தது தப்பே இல்லை. ஹாட் ராட் உலகில் அதற்கு எழுபது வருடப் பழக்கம் இருக்கிறது.

ஹாட் ராட் என்ற சங்கதியே ஃபோர்டால் வந்தது. மாடல் டி, மாடல் ஏ வண்டிகள் லட்சக்கணக்கில் ஓடின. எடை குறைவு, பழசானால் பிள்ளைகள் கைக்காசுக்கே கிடைக்கும். 1932-ல் ஃபோர்டு, சாமானியன் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைக் கொடுத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டர் பிளாக்கிலேயே இருப்பதால் அதன் மேல்மூடியான ஹெட் தட்டையாக இருக்கும். அதனால்தான் 'ஃப்ளாட்ஹெட்' என்ற பெயர். கலிபோர்னியாப் பையன்கள் பழைய மாடல் ஏ-வில் இதைத் தூக்கி வைத்து, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காய்ந்த ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். போர் முடிந்து வந்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1953 டிசம்பரில் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்த ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். பிற்பாடு கார்வெட் காரின் தந்தை என்று பெயரெடுத்தவர் அவர்தான். ஹாட் ராட் பத்திரிகைகளை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினால் எங்கும் ஃபோர்டுதான் இருக்கிறது. இந்தப் பையன்களுக்கு ஃபோர்டு பாகங்கள் ஃபோர்டு கம்பெனிக்காரர்களைவிட நன்றாகத் தெரிகின்றன. இன்று ஓட்டை ஃபோர்டு ஓட்டுபவன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் செகண்ட் ஹேண்ட் ஃபோர்டு வாங்குவான், பிறகு புது ஃபோர்டு வாங்குவான். ஆகவே நம் எஞ்சினுக்கும் வேகப் பாகங்களைத் தயாரித்துக் கையில் கொடுங்கள் என்பது அதன் சாரம். விசுவாசம் மனத்தில் ஊறுவதற்கு முன்னால் பழைய இரும்புக் கடையில்தான் பிறக்கிறது என்று அந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டார். இதையெல்லாம் எழுதியவர் சில வருடங்களுக்கு முன்புவரை தன் தம்பியோடு சேர்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஃபோர்டு ஃப்ளாட்ஹெட்டுக்கு 'ஆர்டன்' என்ற பெயரில் மேல்வால்வு ஹெட் தயாரித்துக்கொண்டிருந்தார்! இன்றைக்கும் ஃபோர்டு பிரியர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பாகம் அது.

1955-ல் செவர்லேயின் சிறிய வி8 வந்தது. 265 கன அங்குலம், 162 குதிரைத்திறன், நாலு வாய் கார்புரேட்டர் போட்டால் 180. குட்டை, லேசு, எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றும். 283, 327, 350 என்று கொள்ளளவு ஏறிக்கொண்டே போனாலும் வெளியளவும் போல்ட் துளைகளும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஒன்றின் ஹெட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். ஃபோர்டு அந்தச் சமயத்தில் என்ன செய்தது? ஒய்-பிளாக், எஃப்இ, வின்ட்சர், கிளீவ்லேண்ட் என்று குடும்பம் குடும்பமாகப் புது எஞ்சின்களை இறக்கியது. ஒன்றின் பாகம் மற்றதற்குப் பெரும்பாலும் சேராது. இளைஞன் கையில் காசு இல்லாதபோது யார் பக்கம் போவான்? 2011-ல் செவர்லே சிறிய வி8 வரிசையில் பத்து கோடியாவது எஞ்சின் வெளிவந்தது. அமெரிக்க ஹாட் ராடர்களே இதைத் 'தொப்புள் எஞ்சின்' என்று கிண்டல் செய்வார்கள், எல்லோரிடமும் ஒன்று இருக்கிறதாம்.

உங்கள் மாமனாரின் காயம் எங்கே என்று இப்போது தெரிகிறதா? எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அழகான பழைய ஃபோர்டு நிற்கும். ஆசையாகக் கிட்டே போய் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே செவர்லே. நாற்பது ஐம்பது வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பார். மறுபக்கம், 1955, 56, 57 செவர்லேக்களில் ஃபோர்டு எஞ்சினை யாராவது வைத்தால் ஊரே கூடிவிடும். வழி ஒருபக்கமாகவே திறந்திருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். (நம் ஊரில் அம்பாசடருக்குள் இசுஸு எஞ்சினைக் கம்பெனியே வைத்து விற்றது. யாரும் டூல் பாக்ஸைத் தூக்கவில்லை. முன்பக்கம் 'இசுஸு' என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பெருமைதான் பட்டார்கள். அது வேறு கதை.)

தெருவில் நடக்கும் ஃபோர்டு-செவர்லே சண்டை பெரும்பாலும் விளையாட்டு. ஃபோர்டின் நான்கு ஆங்கில எழுத்துகளுக்கு 'ரோட்டில் செத்துக் கிடந்தது' என்று விரிவுரை சொல்வதும், எதிராளியின் சின்னத்தின்மேல் சிறுவன் ஒருவன் ஒன்றுக்குப் போகிற ஸ்டிக்கரை ஒட்டுவதும், நம் ஊர் ரஜினி-கமல் தகராறு மாதிரி. டீ குடித்தால் தீர்ந்துவிடும். ஆனால் டெட்ராய்ட் வட்டாரத்தில் அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. அப்பா எந்த கேட் வழியாக வேலைக்குப் போனார் என்பது அங்கே கம்பெனிப் பெயரைத் தாண்டிய சேதி. ஃபிளின்ட் ஊரில் பிறந்தவனுக்கு ஜெனரல் மோட்டார்ஸ், டியர்பார்னில் பிறந்தவனுக்கு ஃபோர்டு. ஊழியர் குடும்பத்துக்கு விலையில் தள்ளுபடி கிடைப்பதால் சித்தி, மாமா, கொழுந்தன் வீட்டு வாசல்களிலும் அதே சின்னம் நிற்கும். அந்தக் கம்பெனி பென்ஷனில்தான் உங்கள் மனைவி பள்ளிக்கூடம் போகும்போது அவருடைய தாத்தா பாட்டி வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். "இரும்புக்கு ஏது ஜாதி" என்று கேட்டீர்கள். அவருக்கு அது இரும்பு இல்லை, அப்பாவின் சாப்பாட்டு டப்பா.

உங்கள் தரப்பில் வாதாட என்னிடம் இன்னும் சரக்கு இருக்கிறது. செவர்லே கம்பெனிக்குப் பெயர் கொடுத்த லூயி செவர்லே, ரேஸ் ஓட்டுநர், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1911-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியை விட்டுச் சில வருடங்களிலேயே வெளியேறிவிட்டார். பிறகு அவரும் அவர் தம்பியும் 'ஃபிரன்டனாக்' என்ற பெயரில் ஃபோர்டு மாடல் டி-க்கு வேகமான ஹெட்டுகள் செய்து விற்றார்கள். அந்த ஹெட் போட்ட ஃபோர்டு ஒன்று 1923 இண்டியானபோலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. ஆக, ஃபோர்டுக்குள் முதலில் கையை விட்ட செவர்லே நீங்கள் இல்லை, சாட்சாத் செவர்லேயேதான். அந்தப் பக்கம் ஹென்றி ஃபோர்டு விட்டுவிட்டு வந்த பழைய கம்பெனிதான் 1902-ல் காடிலாக் ஆனது. பின்னால் ஜெனரல் மோட்டார்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

படிக்க ருசியாக இருக்கிறது, இல்லையா? இதில் ஒன்றைக்கூட மாமனாரிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு இதெல்லாம் உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும், ஐந்து வாரம் கழித்து வரும் மருமகன் முதல் வேலையாகச் சரித்திரப் பாடம் எடுத்தால் ஆறாவது வாரமும் ஏழாவது வாரமும் ஸ்டிரைக் தொடரும்.

உங்கள் தப்பு எஞ்சினில் இல்லை. அவரைக் கேட்கவில்லை, அதுதான். ஒரு வருடம் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த மனிதர், வண்டியின் இதயத்தை ஸ்டாண்டில் மாட்டின பிறகுதான் பார்க்கிறார். அவ்வளவு வருடம் அந்தப் பாடியை விற்காமல், நசுக்கக் கொடுக்காமல் கராஜில் ஏன் இடம் அடைத்துக்கொண்டு வைத்திருந்தார் என்று எப்போதாவது கேட்டீர்களா? கூபே வாங்குகிற எவனும் அன்று ராத்திரியே மனத்துக்குள் ஒரு எஞ்சினை வைத்துவிடுவான். இவர் எதை வைத்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் 900 டாலர் கொடுத்திருக்கிறீர்கள்.

போய்க் கேளுங்கள். "இதை வாங்கினபோது என்ன எஞ்சின் போடலாம் என்று இருந்தீர்கள்?" இந்த ஒரு கேள்வி போதும், பிறகு அவர் பேசட்டும்.

ஃப்ளாட்ஹெட் என்று சொன்னால் கொஞ்சம் கஷ்டம்தான். சத்தம் சொர்க்கம், செலவு நரகம். எக்ஸாஸ்ட் வழி பிளாக்குக்குள்ளேயே தண்ணீர் ஓடும் இடத்தின் ஊடாகப் போவதால் சீக்கிரம் சூடேறும்; நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வாய். நல்ல ரேடியேட்டரும் வெடிப்பில்லாத பிளாக்கும் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். என் ஊகம், ஃபோர்டின் சிறிய வி8 ஆன 302 என்றுதான் அவர் சொல்வார். அப்படியென்றால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. செவர்லேயைவிட அகலம் குறைவு, ஸ்டீயரிங் பக்கம் இடம் தாராளமாக இருக்கும். தொந்தரவு நீளத்தில்தான். ஃபோர்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் பாகம்) முன்னால், வாட்டர் பம்பும் நீட்டிக்கொண்டிருக்கும். மாடல் ஏ-வின் குட்டை மூக்கில் ரேடியேட்டரை இடிக்கும். செவர்லேக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் என்பதால் அது எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள தகட்டை, அதாவது ஃபயர்வாலை இடிக்கும், அதையும் நீங்கள் வெட்டத்தான் போகிறீர்கள். 1996 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர் வண்டியின் 5.0 எஞ்சினைப் பாருங்கள். அதே 302 தான், ஆனால் முன்பக்கக் கவரும் வாட்டர் பம்பும் குட்டையானவை. பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் தேடலாம். முன்பக்க சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் பள்ளம்) குறுக்குச் சட்டத்தில் முட்டினால் பின்பக்க சம்ப் ஆயில் பேன் தனியாக விற்கிறார்கள். 302-ன் மூதாதை 1962-ல் முதலில் வந்தபோது அதன் அளவு 221 கன அங்குலம். 1932 ஃப்ளாட்ஹெட்டின் அளவும் அதேதான். இதை மட்டும் வேண்டுமானால் மாமனாரிடம் சொல்லிக்கொள்ளலாம், நான் அனுமதி தருகிறேன்.

ஒருவேளை அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "உன் வண்டி, உன் இஷ்டம்" என்று சொன்னால்? அது சம்மதம் இல்லை என்று கல்யாணமான ஆண்பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போதும் 350-ஐயே வைப்பதென்று முடிவு செய்தீர்களானால் தாராளமாக வையுங்கள், அவர் கொடுத்தது முழு மனத்தோடு கொடுத்த வண்டி. ஆனால் ஒளித்து வைக்காதீர்கள். சிலர் செவர்லே எஞ்சினுக்கு ஃபோர்டு நீலம் அடித்து ஏமாற்றப் பார்ப்பார்கள். ஆகஸ்டில் டெட்ராய்ட் உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகள் வரிசை கட்டுமே, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார், கதை முடிந்தது. அந்த அவமானத்தில் மாமனாரையும் பக்கத்து சீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

350-ஐ விற்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம். தொப்புள் எஞ்சின் தேடுபவர்கள் எப்போதும் உண்டு. கியர்பாக்ஸோடு 900 டாலர் என்றால் போட்ட காசு திரும்பிவிடும்.

எப்போது போவது? இந்த ஞாயிறே போங்கள். போன் செய்துவிட்டுப் போக வேண்டாம். மறுக்க வழி கொடுத்தது போலாகும். மனைவியை அனுப்பித் தூது விடாதீர்கள், பேரப்பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள், தனியாகப் போங்கள். டூல் பாக்ஸைத் தூக்கி வர இரண்டு கை காலியாக இருக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் தினமும் ஆபீஸுக்கு எந்த வண்டி ஓட்டுகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. டொயோட்டா என்றால் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.