ரம்மி, போக்கர், பந்தயச் செயலி: சட்டம் யாரைப் பிடிக்கிறது?

மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். சூதாட்டச் சட்டம் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பும்படி எங்கள் வாசகர் வட்டத்தில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆடியவர்கள் எழுதியவை அல்ல. அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் எழுதியவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பயம் இருந்தது: வெளியே சொன்னால் போலீஸ் வீட்டுக்கு வந்துவிடுமோ? பெயர்களை நீக்கிவிட்டு, ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, போக்கர் திறமையால் ஆடும் ஆட்டம் என்கிறார்கள். அப்படியானால் இந்தியாவில் பணம் கட்டி ஆடுவது சட்டப்படி சரிதானே? (வங்கி ஊழியர், திருநெல்வேலி)

2025 ஆகஸ்டுக்கு முன்னால் கேட்டிருந்தால் "எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டிருப்பேன். பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், 34ஆவது இனமாக இருக்கின்றன. அதனால் ஊருக்கு ஊர் சட்டம் மாறியது. ஆங்கிலேயர் 1867இல் கொண்டுவந்த பொதுச் சூதாட்டச் சட்டத்தில், வெறும் திறனால் ஆடும் ஆட்டங்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு விலக்கு உண்டு. நம் மாநிலத்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விலக்கு இருக்கிறது. இத்தனை காலமும் நடந்த வழக்குகள் எல்லாம் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

1957இல் உச்ச நீதிமன்றம் ஒரு பரிசுப் போட்டி வழக்கில், சூதாட்டம் வணிகமே ஆகாது, தொழில் செய்யும் உரிமை அதற்குக் கிடையாது என்றது. அதே தீர்ப்பு, திறனை முதன்மையாகக் கொண்ட போட்டிக்கு அந்த உரிமை உண்டு என்றும் சொன்னது. பத்தாண்டு கழித்து செகந்தராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கில் ரம்மி வந்து நின்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று கணிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டம் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். மூன்று சீட்டு அப்படியல்ல, அது முழுக்க அதிர்ஷ்டம் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

போக்கருக்கு இப்படி ஒரு தெளிவான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்கவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதைச் சூதாட்டம் என்றது. மேற்கு வங்கச் சட்டமோ போக்கரைப் பெயர் சொல்லியே சூதாட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நாகாலாந்து அதைத் திறன் ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்து உரிமமே கொடுத்தது. ஒரே நாட்டில் ஒரே சீட்டுக்கட்டுக்கு இத்தனை நீதி.

2025இல் நாடாளுமன்றம் இந்த விவாதத்தையே ஓரம் கட்டிவிட்டது. இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் ஆகஸ்ட் 20இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறனா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து இணையத்தில் ஆடினால் அது தடை செய்யப்பட்ட பண விளையாட்டு. போக்கர், ரம்மி, கற்பனைக் கிரிக்கெட் அணி எல்லாம் அதற்குள் வருகின்றன. பணம் கட்டாமல் பொழுதுபோக்காக ஆடுவதற்கும், இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின் விளையாட்டுப் போட்டிகளுக்கும் தடையில்லை. ட்ரீம்11, எம்பிஎல் போன்ற பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ஒரு பெயர் மறைந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் பழைய தீர்ப்புகளுக்கு இனி மதிப்பே இல்லையா? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

இணையத்துக்கு வெளியே முழு மதிப்பு இருக்கிறது அம்மா. இணையத்திலும் அவற்றை வைத்துத்தான் புதிய சட்டத்தை எதிர்க்கிறார்கள். பல உயர் நீதிமன்றங்களில் தாக்கலான மனுக்களை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. மாநிலப் பட்டியலில் இருக்கும் ஒன்றை நாடாளுமன்றம் தொடலாமா, திறன் ஆட்டத்தை அடியோடு தடுப்பது தொழில் உரிமைக்கு முரணா என்பவை அங்கே எழும் கேள்விகள். நம் மாநிலத்தின் கதையையும் சேர்த்துப் படியுங்கள். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதற்கு 2020 நவம்பரில் இங்கே வந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு இதை ஆராய அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்தது. 2022இல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அது சட்டமானது. அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அதிர்ஷ்ட ஆட்டங்கள் மீதான தடையை மட்டும் நிலைநிறுத்தியது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்ற 2025ஆம் ஆண்டு விதியை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆய்வுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

என் கணவர் ரம்மிச் செயலியில் நான்கு லட்சத்துக்கு மேல் இழந்துவிட்டார். எனக்குத் தெரியாமல் என் நகையை அடகு வைத்திருக்கிறார். புகார் கொடுத்தால் அவரைத்தான் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. (இல்லத்தரசி, திண்டுக்கல்)

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. ஆட்டத்தை நடத்தியவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தவருக்கும் பணத்தைக் கைமாற்றியவருக்கும் தனித்தனித் தண்டனை உண்டு. ஆடி இழந்தவரை அந்தச் சட்டம் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் சூதாடியவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று ஒரு பிரிவு இருப்பது உண்மை. அதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் அது அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கானது. ரம்மி அந்தப் பட்டியலில் இல்லை என்பதை மேலே சொன்னேன்.

இனி பணம். செயலி விதிப்படி ஆடி இழந்த தொகை திரும்பக் கிடைக்கும் என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். மோசடி நடந்திருந்தால் நிலைமை வேறு. வென்ற பணத்தை எடுக்க விடாமல் "இன்னும் பத்தாயிரம் கட்டுங்கள்" என்று கேட்டிருந்தாலோ, அது போலிச் செயலி என்றாலோ இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற தொலைபேசி எண்ணை உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால் பணம் வங்கியைத் தாண்டும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கை, யுபிஐ பரிவர்த்தனை எண்கள், கைபேசித் திரையின் ஸ்கிரீன்ஷாட்டுகள் மூன்றையும் எடுத்து வையுங்கள். செயலியை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அதை அழித்து, இருந்த ஒரே ஆதாரத்தையும் இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நகை உங்களுடையது. உங்கள் சம்மதம் இல்லாமல் அதை அடகு வைப்பது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறையாகும். அதைச் சொன்னதும் கணவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால், மேற்கொண்டு எதையும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று நீதிமன்ற ஆணை பெற வழி உண்டு. 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் பேசலாம். அடகுச் சீட்டை முதலில் உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அவரை இரவில் தனியாக விடாதீர்கள். இழந்ததை மீட்க இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்ற எண்ணம் ஒரு நோய் போன்றது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை தருகிறார்கள், கட்டணம் இல்லை. நீங்களும் பேசுங்கள். யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அண்ணனிடமோ அம்மாவிடமோ இன்றே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

அண்ணா, வெளிநாட்டுச் செயலியில் விபிஎன் போட்டு, இருக்கும் இடத்தை மறைத்து ஆடினால் நம் சட்டம் எப்படிப் பொருந்தும்? (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

பொருந்தும் தம்பி. நிறுவனம் எங்கே இருந்தாலும் இந்தியாவில் இருப்பவருக்கு ஆட்டத்தை அளித்தால் 2025ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்துவிடும். வென்ற பணத்தை அவன் தராவிட்டால் எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவாய் என்பதையும் யோசித்துப் பார்.

கல்லூரியில் படிக்கும் என் மகன், மாதம் 5,000 ரூபாய் தருவதாகச் சொன்ன நண்பனுக்குத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடுத்திருக்கிறான். இப்போது கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. வேறு மாநிலப் போலீசார் போனில் அழைக்கிறார்கள். (மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

வந்த கடிதங்களிலேயே என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். உங்கள் மகன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் ஆடி இழந்தவரைவிட அவன்தான் ஆபத்தில் இருக்கிறான். பந்தயச் செயலி நடத்துபவர்கள் தங்கள் பெயரில் பணம் வாங்க மாட்டார்கள். ஏழை மாணவர்கள், கூலித் தொழிலாளர்கள் பெயரில் இருக்கும் இத்தகைய வாடகைக் கணக்குகள் வழியாகத்தான் பணத்தைச் சுற்றி விடுகிறார்கள். பண விளையாட்டுக்கான பரிவர்த்தனைக்கு உதவும் எவரையும் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கிறது. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம்; பிணை உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துத்தான் தர வேண்டும். தொகை பெரிதென்றால் பணமோசடித் தடுப்புச் சட்டமும் வரலாம்.

வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, எந்தக் காவல் நிலையம், எந்த வழக்கு எண்ணில் முடக்கச் சொன்னது என்று கேளுங்கள். கணக்கில் மிச்சம் இருக்கும் பணத்தைத் தொட வேண்டாம். நண்பனுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கக் கூடாது. உங்கள் மகன் ஏமாற்றப்பட்டான் என்பதற்கு அதுதான் சாட்சி. போனில் அழைப்பவர் உண்மையான காவலர்தானா என்பதை அந்த நிலையத்தின் எண்ணைத் தேடி அழைத்து உறுதி செய்யுங்கள். "பணம் அனுப்பினால் வழக்கை முடித்துவிடுகிறோம்" என்று எவர் சொன்னாலும் அவர் திருடர். எழுத்து மூலம் அழைப்பாணை வந்தால் வழக்கறிஞரோடு மகனை ஆஜராக்குங்கள். தலைமறைவாக வைக்காதீர்கள்.

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குள் பத்து ரூபாய் வைத்துச் சீட்டாடுகிறோம். குற்றமா? மனமகிழ் மன்றங்களில் ஆடுகிறார்களே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

நம் 1930ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் பார்ப்பது, அந்த இடம் யாருக்காவது லாபம் தரும் பொதுச் சூதாட்ட விடுதியா என்பதைத்தான். சொந்த வீட்டில் உறவினர்கள் ஆடும்போது இடத்துக்கு வாடகையோ ஆட்டத்தில் பங்கோ எடுக்கும் ஆள் இல்லை. தெருத் திண்ணை, கோயில் மண்டபம், ஆற்றங்கரை என்று பொது இடத்துக்குப் போனால் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே ஆடாதீர்கள்.

மன்றங்களுக்குச் செகந்தராபாத் தீர்ப்புதான் இன்றும் வழிகாட்டி. சீட்டுக்கட்டு, இடவசதிக்காகச் சிறு கட்டணம் வாங்கலாம். ஆட்டத்தின் பந்தயப் பணத்திலிருந்து மன்றம் லாபம் பார்த்தால், ரம்மியாக இருந்தாலும் குற்றம் வரலாம். 'உள்ளே வெளியே' ஆடினால் இந்த விலக்கு எதுவும் உதவாது.

கேரள லாட்டரியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாங்கலாமா? (தையற்காரர், தென்காசி)

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டிருக்கிறது. கேரள அரசு தன் லாட்டரியைக் காகிதச் சீட்டாக மட்டுமே விற்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்குப் பரிசு விழுந்தால் அதை எந்த அலுவலகத்தில் நீட்டுவீர்கள்?

நண்பரிடம் 60,000 கடன் வாங்கி ரம்மியில் தொலைத்துவிட்டேன். சூதாட்டக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறார்களே? (ஓட்டுநர், சேலம்)

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்றவர் தோற்றவர் மீது வழக்குப் போட முடியாது. உங்கள் நண்பர் உங்களோடு பந்தயம் கட்டவில்லை, கைமாற்றாகப் பணம் கொடுத்தார். பந்தயத்தோடு ஒட்டிய துணை ஒப்பந்தம் செல்லும் என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முன்பு ஆடி வென்ற பணத்துக்கு வரி உண்டா? (கணினிப் பணியாளர், சென்னை)

உண்டு. இணைய ஆட்டத்தில் கிடைத்த நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீதம். 2023 ஏப்ரல் முதல் நிறுவனமே பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த 30 சதவீதம் போகும். கணக்கில் காட்டாமல் விடாதீர்கள்.

என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பந்தயச் செயலி விளம்பரம் போட ஒரு காணொளிக்கு 20,000 தருகிறார்கள். நான் ஆடச் சொல்லவில்லை, இணைப்பு மட்டும்தான் கொடுப்பேன். (இளைஞர், ஈரோடு)

இணைப்பைக் கொடுப்பதுதான் விளம்பரம். 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை செய்தால் இன்னும் கூடும். திண்டுக்கல்லிலிருந்து வந்த கடிதத்தை மேலே வெளியிட்டிருக்கிறேன், படியுங்கள். அவருடைய கணவரும் இப்படி ஒரு இணைப்பைத் தொட்டுத்தான் உள்ளே போயிருப்பார்.

கோவாவில் மட்டும் எப்படி? (பெயரும் ஊரும் இல்லை)

அந்த மாநிலத்தின் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளிலும் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களிலும் உரிமத்தோடு கேசினோ எனும் சூதாட்டக் கூடங்களை நடத்த அனுமதித்திருக்கிறார்கள். சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருப்பதன் விளைவு அது. அங்கே ஆடுவது அங்கே சரி. அந்த உரிமத்தைக் காட்டி உங்கள் கைபேசியில் யாராவது ஆட்டம் நடத்தினால், அது இங்கே செல்லாது.

உச்ச நீதிமன்றம் தடையை நீக்கினால் என் செயலி திரும்ப வருமா? கணக்கில் 3,200 ரூபாய் இருக்கிறது. (கடை ஊழியர், மதுரை)

தம்பி, தீர்ப்பு எப்படி வரும் என்று கணித்து நான் சொல்லப்போவதில்லை. இருப்புத் தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய நிறுவனங்கள் அப்போதே அறிவித்தன. இன்று மாலைக்குள் செயலியைத் திறந்து, வங்கிக் கணக்கை இணைத்து, 3,200 ரூபாயையும் எடுத்துவிடு. தராமல் இழுத்தடித்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வா. புகார் எழுத நான் உதவுகிறேன், கட்டணம் வேண்டாம்.