வாகைக்கு எத்தனை 'இசட்'?

கேள்வி: சார், எங்க ஸ்கூல் மரங்களுக்கெல்லாம் பேர் போர்டு எழுதிட்டு இருக்கோம். வாகையோட அறிவியல் பேர் அல்பிசியா லெபெக், அந்த அல்பிசியாவுக்கு பழைய புக்ல ரெண்டு இசட் போட்டிருக்கு, புது புக்ல ஒண்ணுதான் இருக்கு. எது சரி? தப்பா இருந்தா நாமளே திருத்திக்கலாமா?
– ஒரு டீச்சர், தென்காசி

பதில்: ஒரு இசட்தான் டீச்சர், தைரியமா எழுதுங்க. இஸ்தான்புல்லருந்து வாகையோட சொந்தக்கார மரம் ஒண்ண ஃபிளாரன்ஸுக்கு கொண்டுபோனவர் அல்பிஸி குடும்பத்துக்காரர், அந்தக் குடும்பப் பேர்ல ரெண்டு இசட் உண்டு, ஆனா 1772ல இத்தாலிய தாவரவியலாளர் துராசினி அந்தப் பேர மரத்துக்கு வச்சப்ப ஒண்ணுதான் போட்டார். பின்னாடி வந்தவங்க திருத்துறோம்னு இன்னொண்ண சேர்த்துட்டாங்க, அதுதான் உங்க பழைய புக். செடிகளுக்கு அறிவியல் பேர் வைக்கிற விதி என்னன்னா, முதமுதல்ல அச்சுல வந்த எழுத்து எதுவோ அதத்தான் வச்சுக்கணும். நமக்கு இது அழகா இருக்கு, இதுதான் நியாயம்னெல்லாம் மாத்த முடியாது.

ஆனா பிழைன்னு தெளிவா தெரிஞ்சா திருத்தியே ஆகணும். 1771ல ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஒரு மரத்துக்கு குளூட்டா பெங்காஸ்னு எழுதிட்டார், மலாய்ல அந்த மரத்துக்கு பேரு ரெங்காஸ், அந்த உள்ளூர் பேரத்தான் அவர் எடுத்தது, அதனால இப்ப குளூட்டா ரெங்காஸ். திருத்தினாலும் பேர் வச்சவர் லின்னேயஸ்தான், வருஷமும் 1771தான், அது மாறாது. நம்ம மெட்ராஸ் மாகாணத்துல வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் பேர்ல நிறைய செடி இருக்கே, அதுல 'வைட்டியை'னு முடியற பேருக்கெல்லாம் கடைசில ரெண்டு ஐ (i) வரணும், ஒரு ஐ மட்டும் இருந்தா நீங்களே இன்னொண்ணு போட்டுக்கலாம், யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.

அர்த்தம் மோசமா இருக்குங்கறதுக்காக மட்டும் மாத்த வழியே இல்லாம இருந்துச்சு. 2024ல மாட்ரிட்ல நடந்த தாவரவியல் மாநாட்டுலதான் அது உடைஞ்சது. கறுப்பின மக்கள இழிவா சொல்ற 'கஃப்ரா'ங்கற சொல் 200க்கு மேல செடி, பூஞ்சை, பாசி பேர்கள்ல இருந்துச்சு, 351க்கு 205னு ஓட்டு விழுந்து அதெல்லாம் 'அஃப்ரா' ஆயிடுச்சு. ஆப்பிரிக்காவ சேர்ந்ததுன்னு அர்த்தம், ஒரே ஒரு எழுத்த எடுத்தாங்க, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவோட கல்யாண முருங்கை வகை ஒண்ணு இப்ப எரித்ரினா அஃப்ரா. இத ரொம்ப முன்னாடியே செஞ்சிருக்கணும்ங்கறது என் எண்ணம்.

இன்னொண்ணு, கருவேலத்துக்கு அக்கேசியான்னு எழுதியிருந்தீங்கன்னா அது இப்ப வச்செல்லியா நைலோட்டிகா. இது எழுத்துப்பிழை கணக்குல வராது, அக்கேசியாங்கற பேரினமே, அதாவது நெருங்கின சொந்த மரங்களோட கூட்டமே, பிரிஞ்சுபோச்சு, பெயிண்ட் காயறதுக்குள்ள அந்த போர்டையும் ஒருதடவ பாத்துடுங்க.