ட்யூப் லைட்டை அணைத்துப் பார்த்தீர்களா?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இளநிலை மாணவர்கள் செய்யும் ஆராய்ச்சியால் யாருக்காவது பயன் கிடைத்திருக்கிறதா மேடம்?

பதில்: பெரும்பாலானவை மதிப்பெண்ணோடு சரி. முப்பது வருடமாக ப்ராஜெக்ட் ரிவ்யூவில் உட்காருகிறவள், இதை மறைப்பானேன்? ஆனால் 2023-ல் நடந்ததைக் கேளுங்கள். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, இத்தாலியில் இருந்த ஹெர்குலேனியம் என்ற பழைய ரோமானிய ஊரில் ஒரு நூலகமே கரிக்கட்டையாகிப் போனது. சுருள்களைப் பிரித்தால் பொடியாகிவிடும். எக்ஸ்-ரே ஸ்கேன் எடுத்தாலும், கரியில் கரி மை எங்கே தெரியும்? அந்த ஸ்கேன் படங்களில், மை இருந்த இடத்தில் காய்ந்த சேறு வெடித்தது போல நுண்ணிய கோடுகள் இருப்பதை ஒருவர் வெறும் கண்ணால் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக இளநிலை மாணவர் லூக் ஃபாரிட்டர் ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலைப் பயிற்றுவித்தார். பிரிக்காத சுருளிலிருந்து ஒரு கிரேக்கச் சொல் முழுசாக வெளியே வந்தது: 'ஊதா'. அவருக்கு அப்போது 21 வயது.

கேள்வி: முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடும் சாஃப்ட்வேர் செய்திருக்கிறோம். 98 சதவீதம் சரியாக வருகிறது. இதை ஆராய்ச்சி என்று சொல்லலாமா?

பதில்: சோதனைக்கு வைத்த படங்களை எப்போது எடுத்தீர்கள்? பதில் சொல்லும் முன் இதைப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் மூன்று பேர் இதே ப்ராஜெக்டோடு, இதே 98-ஓடு என் முன்னால் நின்றார்கள். ஆளுக்கு ஐம்பது போட்டோ. எல்லாவற்றையும் கலந்து, எண்பது சதவீதத்தைப் பயிற்சிக்கும் மிச்சத்தைச் சோதனைக்கும் பிரித்திருந்தார்கள். ஐம்பதையும் எடுத்தது இரண்டே நிமிஷத்தில், ஒரே சட்டையில். 17-வது படம் பயிற்சியில், 18-வது சோதனையில்! வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதைதான்.

"ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நில்லுங்கள்" என்றேன். சாஃப்ட்வேர் மூன்று பேரில் ஒருவனை அடுத்தவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. தாடி எடுத்திருந்த இன்னொருவனை யாரென்றே தெரியவில்லை. மூன்றாமவன் ஊரிலேயே இல்லாத நண்பனின் போட்டோவை மொபைலில் காட்டி அவனுக்கு 'பிரசன்ட்' வாங்கிக் கொடுத்தான். (அவனைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.)

பிறகு, திங்கட்கிழமைப் படங்களால் பயிற்சி, வியாழக்கிழமைப் படங்களால் சோதனை என்று மாற்றினார்கள். எண் எழுபதைத் தாண்டவில்லை. ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது. எந்தெந்தப் படத்தில் தப்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் ஆளுக்குப் பின்னால் ஜன்னல், முகம் இருட்டு. கேமரா வைத்திருந்த ஸ்டூலை ஜன்னல் பக்கச் சுவருக்கு நகர்த்தினார்கள், வெளிச்சம் முகத்தில் விழுந்தது, பாதித் தப்பு போய்விட்டது. கோடில் ஒரு வரி மாறவில்லை. அந்த மொபைல் போட்டோ வித்தையை மட்டும் கடைசிவரை தடுக்க முடியவில்லை. அதையும் அறிக்கையில் எழுத வைத்தேன்.

உங்கள் படங்களுக்கும் தேதி போட்டுப் பிரித்துப் பாருங்கள். படம் எடுக்கச் சம்மதம் கேட்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் உழைத்தோம். எங்கள் புது முறையைவிடப் பழைய முறையே வேகமாக ஓடுகிறது. கைடு, "கிராஃபைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொண்டு வா" என்கிறார்.

பதில்: பண்ணாதீர்கள்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இவின் டாங் என்ற இளநிலை மாணவிக்கு அவருடைய பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன் ஒரு வேலை கொடுத்தார்: வாடிக்கையாளருக்கு என்ன பிடிக்கும் என்று கணிப்பதில், குவாண்டம் கம்ப்யூட்டரின் வேகத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டரால் எட்டவே முடியாது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபணம் வந்தபாடில்லை. ஏன் வரவில்லை என்று துருவியவர், 2018-ல், 18 வயதில், அதற்கு ஈடுகொடுக்கும் சாதாரண அல்காரிதத்தையே எழுதிவிட்டார்! கேட்டதற்கு நேர் எதிரான விடை.

உங்கள் முறை எந்த அளவு டேட்டா வரை தாக்குப்பிடிக்கிறது, எங்கே தோற்க ஆரம்பிக்கிறது? அந்த இடத்தைக் கண்டுபிடித்து எழுதினாலே கௌரவமான அறிக்கை. அதற்கு முன் ஒரு சந்தேகம்: எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தீர்கள்? ஒரே தடவை என்றால் பழைய முறை ஜெயித்ததா என்பதே தெரியாது. ப்ரௌசரையெல்லாம் மூடிவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி முப்பது தடவை ஓட்டுங்கள். வருகிற எண்கள் அத்தனையையும் அப்படியே கைடு மேஜையில் வையுங்கள்.