இந்த மயிலை யார் வரைந்தது? மழலையர் வகுப்பு பற்றிய கேள்வி பதில்

வணக்கம். பால்வாடியில் 6 வருடம், நர்சரிப் பள்ளிகளில் 18 வருடம் வேலை பார்த்தவள் நான். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடுதான் என் காலம் போனது. மண், செடி, வண்ணம், பாட்டு இவற்றை வைத்துச் சொல்லிக்கொடுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேட்டுவிட்டீர்கள்! ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

டீச்சர், என் மகளுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. களிமண் பிசைந்தேன், இலை பொறுக்கினேன், பாடினேன் என்றுதான் வந்து சொல்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் அ முதல் ஃ வரை எழுதுகிறான். பள்ளியை மாற்றிவிடலாமா? (சேலத்திலிருந்து ஒரு அம்மா)

அவசரப்படாதீர்கள். நம் மணிக்கட்டில் 8 குட்டி எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்புதான். ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் மெதுவாகக் கெட்டிப்படும். கடைசி எலும்பு 8 வயதுக்குப் பிறகுதான் கெட்டிப்படத் தொடங்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடிக்கப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

களிமண்ணை உருட்டுவதும், காம்பைக் கிள்ளுவதும், சீடைக்கு மாவு உருட்டுவதும் பென்சில் பிடிக்கிற அதே மூன்று விரல்களுக்கான வேலை. மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட அடிப்படை நிலைக் கலைத்திட்டமும் 3 முதல் 6 வயது வரை பாடநூலே வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் முதலில் மணலில் விரல்தான். சென்னையில் பிள்ளைகள் அப்படி எழுதுவதைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் தன் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். யு.கே.ஜி. முடியும்வரை அந்தப் பள்ளியில் கதையும் இல்லை, புரட்டப் படப்புத்தகமும் இல்லை என்றால், அப்போது போய்க் கேளுங்கள்.

அக்கா, நானும் டீச்சர்தான். 35 பிள்ளைகள், ஒரு ஹால், ஒரு வராந்தா. மரம் என்று ஒன்றுகூட இல்லை. இயற்கையைக் காட்டு என்றால் எங்கே போவேன்?

ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள். சத்தியமாக அது போதும். கடையில் வாங்கிய கொத்து இதற்கு ஆகாது, அதில் பூச்சிமருந்து இருக்கலாம்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுகிற வண்ணத்துப்பூச்சிகள் நம் ஊரில் சாதாரணம். தளிரைப் புரட்டிப் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக வெளிர்மஞ்சள் மணி ஒன்று இருக்கும். அதுதான் முட்டை. அதிலிருந்து வரும் புழு முதலில் பார்க்கக் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும். பறவை தின்னாமல் இருக்கத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப்பச்சை ஆகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும் பாருங்கள், 35 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்! முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

அந்த ஒரு மாதமும் உங்களுக்குப் பாடம்தான். நேற்று எத்தனை இலை, இன்று எத்தனை இலை என்றால் கணக்கு. புழு மாதிரி வளைந்து நெளிந்து நடந்தால் ஆட்டம். பார்த்ததை வரைந்தால் ஓவியம். ஒரு வருடம் எங்கள் கூட்டுப்புழுவில் ஓட்டை விழுந்து, பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வந்தன. வேறொரு குளவி அதற்குள் முட்டை வைத்திருந்தது. நான் மறைக்கவில்லை. இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி மட்டும், "அப்போ குளவிக்கு அது அம்மா வீடா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே மேடம்? அதை இங்கே கொண்டுவந்து ஃபீஸ் ஏற்றுகிறார்கள்.

ஃபீஸ் விஷயத்தில் உங்களோடு நானும் சண்டைக்கு வருவேன். ஆனால் கதை அவ்வளவு நேர்க்கோடு இல்லை. ஜெர்மனியின் ஃப்ரோபெல் 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் வைத்தார். அவர் கையில் எடுத்தது கம்பளி நூல் பந்து, மர உருண்டை, மரக்கட்டை இவ்வளவுதான். இதற்கே பயந்து, அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா 1851-இல் கிண்டர்கார்டனைத் தடை செய்தது!

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபை அழைத்து அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிரி நாடாகிவிட்டதால் உடனே திரும்ப முடியவில்லை. 1946 வரை இந்தியாவில் இருந்தார். அதில் சில காலம் கொடைக்கானலில். அங்கே பிள்ளைகளோடு செடி, பூச்சி என்று பார்த்துத்தான் இயற்கைக் கல்வி பற்றிய அவர் எண்ணம் விரிந்தது. ஆகவே அதில் நம் மலைக்கும் பங்குண்டு. பெயர்ப் பலகைக்காகப் பணம் கட்டாதீர்கள்; வகுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

என் பையன் எதை வரைந்தாலும் கருப்பாகக் கிறுக்குகிறான். திருத்தலாமா?

வேண்டாம். நாலு வயதில் கிறுக்கல்தான் படம். கருப்பு பளிச்சென்று தெரிவதால் எடுக்கிறான், அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டியதில்லை. "இது என்ன?" என்பதைவிட, "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேளுங்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு 40 மயில்கள் தொங்கின. 40-க்கும் ஒரே கழுத்து, ஒரே தோகை. நாங்கள் மூன்று டீச்சர்கள் ராத்திரி 9 மணி வரை உட்கார்ந்து வரைந்தவை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பொட்டு வைத்தார்கள். ஒரு தாத்தா பேத்தியிடம், "இந்த மயிலை யார் வரைந்தது?" என்றார். அவள் என்னைக் கைகாட்டினாள். அதற்குப் பிறகு நான் மயில் வரைவதில்லை. எந்த வேலையானாலும் முதலில் இதைத்தான் பார்ப்பேன்: இதைச் செய்தது யார் கை?

இயற்கைச் சாயம் எளிதாக ஏதாவது உண்டா?

சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். பீட்ரூட் இருக்கவே இருக்கிறது. மஞ்சள் தண்ணீரால் காகிதத்தில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு எழுதச் சொல்லுங்கள், சிவப்பாகத் தெரியும். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற வேலைதான், ஆனால் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு வேண்டாம், பொத்துவிடும். அன்றன்றைக்குக் கரையுங்கள், மறுநாள் நாறும்.

எனக்குப் பாடவே வராது. கீபோர்டும் இல்லை. பாட்டு வகுப்பு எப்படி எடுப்பது?

கை இருக்கிறதே! சாப்பாட்டுப் பெயர்களைத் தட்டச் சொல்லுங்கள். இட்-லி: இரண்டு தட்டு, தாளச் சொல்லில் தக. தக்-கா-ளி: மூன்று, தகிட. கத்-த-ரிக்-காய்: நான்கு, தகதிமி. பு-ளி-யோ-த-ரை: ஐந்து, தகதகிட. அப்புறம் அவரவர் பெயர். ஒரு வாரத்தில் அவர்களே புதுப் பெயர் தேடிக்கொண்டு வருவார்கள். சொல்லை இப்படிப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னால் எழுத்துக் கூட்டுவது சுலபம்.

கொட்டாங்குச்சி இரண்டு, மூடி இறுக்கி ஒட்டிய டப்பாவில் அரிசி, பூவரச இலையில் பீப்பி. நான்கு டம்ளரில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டினால் ஜலதரங்கம். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். உங்கள் குரல் பற்றிப் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை.

விதை, காய், இலை என்று பொறுக்குகிறார்கள். பயமாக இருக்கிறது. (மதுரை, ஒரு பாட்டி)

பாட்டிம்மா, பயம் சரிதான். பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணி, பார்க்க அழகு, மென்றால் கடும் விஷம். அரளி, அதிலும் மஞ்சள் அரளிக் கொட்டை, ஊமத்தை, ஆமணக்கு விதை, பாலை ஊதிக் குமிழி விடுவோமே அந்தக் காட்டாமணக்கு, இவை எதுவும் வகுப்பில் கூடாது. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அந்த விதையையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்புறம் மூக்கு. புளியங்கொட்டையும் பட்டாணியும் எப்படித்தான் மூக்குக்குள் போகுமோ! ஈரத்தில் ஊறிப் பெருக்கும். ஹேர்பின்னால் தோண்டாமல் டாக்டரிடம் போங்கள். மூன்று வயதுக்குக் கீழே கொட்டை விளையாட்டே வேண்டாம்.

போனில் பாட்டு வீடியோ போட்டால் அதுவும் இசைதானே?

இசைதான். ஆனால் பிள்ளையின் கை சும்மா இருக்கிறது. 3, 4 வயதுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஓடியாடுவதற்கு 3 மணி நேரம்.

என் வகுப்பில் ஒரு பையன் களிமண்ணைத் தொடவே மாட்டேன் என்கிறான். கையில் பட்டால் அழுகிறான்.

வற்புறுத்தாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பிசுபிசுப்பு நிஜமாகவே தாங்காது. முதலில் உலர்ந்த மணல், பிறகு கோதுமை மாவு, பிறகு கொஞ்சம் தண்ணீர். களிமண்ணைக் குத்த ஒரு குச்சி கொடுங்கள். கை துடைக்க ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கட்டும். துடைக்க முடியும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மாதக்கணக்கில் ஆகலாம். சாப்பாடு, துணி, சத்தம் எல்லாவற்றிலும் இப்படியே என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

கையில் 200 ரூபாய்தான் இருக்கிறது. வகுப்புக்கு ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால்?

ஒரு பிளாஸ்டிக் டப். திங்கட்கிழமை தண்ணீர், டம்ளர், வடிகட்டி. புதன்கிழமை மணல். வெள்ளிக்கிழமை காய்ந்த இலை. தண்ணீர் இருக்கும்போது மட்டும் நீங்கள் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது, ஒரு சாண் ஆழமாக இருந்தாலும் சரி. முடிந்ததும் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அப்போதும் சும்மா விடமாட்டார்கள், மத்தளம் தட்டுவார்கள்.